வருவோர் போவோர் ஊரின் காவல்

1924 ஜூன் 26 இரவு, பதினொன்றரை மணி வாக்கில், ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ஆசிரமம் என்றதும் இன்றுள்ள கல் மண்டபங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரமணர் மலையிலிருந்து இறங்கித் தாயாரின் சமாதியை ஒட்டிக் குடியேறி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. சமாதியும் சில கொட்டகைகளும்தான் ஆசிரமம். ஆட்கள் வந்துபோகிற இடமாயிற்றே, பணம் இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் ஜன்னலை உடைத்தார்கள், வெடி வீசி மிரட்டினார்கள், வெளியே வந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். ரமணருக்கும் தொடையில் அடி விழுந்தது. திருப்பி அடிக்கக் கிளம்பிய பக்தரை அவர் தடுத்துவிட்டார். ஒருவர் ஊருக்கு ஓடிப் போலீசாரை அழைத்துவந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. கிடைத்த அற்பப் பொருளோடு திருடர்கள் போய்விட்டிருந்தார்கள். சில நாளில் அவர்கள் பிடிபட்டார்கள், தண்டனையும் பெற்றார்கள்.

ரமணரின் பொறுமைக்குச் சான்றாகப் பக்தர்கள் சொல்லும் நிகழ்ச்சி இது. நகரக் காவலின் கதையை எழுத உட்கார்ந்தவனுக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் கொண்டுவரும் பணம், ஊரின் விளிம்பில் ஓர் இருட்டான இடம், ஆள் ஓடிப்போய்ப் போலீஸ் வந்துசேர ஆகிற நேரம். நூறு ஆண்டு கழித்தும் திருவண்ணாமலையில் நடந்த பெரிய குற்றங்கள் பலவற்றில் இந்த மூன்றும் ஏதோ ஒரு விதத்தில் இருக்கின்றன.

விழா மலரில் காவல்துறையைப் பற்றிய கட்டுரை என்றால் பதவியில் இருந்தவர்களின் பெயர்ப்பட்டியலும் பதக்கங்களும் வரிசையாக வருவது வழக்கம். அந்தப் பட்டியல் அலுவலகச் சுவரில் பலகையாகவே தொங்குகிறது, பார்த்துக்கொள்ளலாம். இங்கே குற்றம் குறைவது எப்படி நடந்திருக்கிறது, எங்கே நடக்கவில்லை என்பதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பழங்கதையை நீட்ட வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றொரு வரி வரும். ஊரைக் காப்பதற்காகக் குடிகள் கொடுத்தது. பிறகு தலையாரி, காவல்காரர் என்று பரம்பரை உரிமைகளாக அது தொடர்ந்தது. திருட்டுப்போன மாட்டை மீட்டுத்தரத் ‘துப்புக்கூலி’ கொடுக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. காவலும் களவும் சில இடங்களில் ஒரே வீட்டுத் தொழிலாக இருந்ததற்கு அதுவே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் அண்ணாமலையார் கோயிலே கோட்டையாகிப் பல கை மாறியது. சீருடை போட்ட, சம்பளம் வாங்கும் காவலர் வந்தது 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டமான சென்னை மாவட்டக் காவல் சட்டத்துக்குப் பிறகுதான்.

அப்போது திருவண்ணாமலை தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. எஸ்.பி. இருந்தது கடலூரில். 1911-ல் வட்டம் வடஆர்க்காட்டுக்கு மாறியதும் எஸ்.பி. அலுவலகம் வேலூர் ஆயிற்று. தலைமை மாறியதே தவிர ஊருக்கு நெருங்கவில்லை. வேலூர் 80 கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதை 1890களில் வந்து, கார்த்திகைத் தீபத்துக்கும் மாட்டுச் சந்தைக்கும் கூட்டத்தை அள்ளிக்கொண்டு வந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வட்டத் தலைநகரின் போலீஸ் பலம்தான் இருந்தது.

அதே 1911-ல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறப்பை வைத்தே ஒருவனைத் திருடன் என்று பதிவேட்டில் எழுதி, ஸ்டேஷனில் கைரேகை வைக்கச் சொன்ன சட்டம். மாகாணத்தில் அது 1947-ல் ரத்தாயிற்று. ரத்தான பிறகும், ஒரு வீட்டில் களவு போனால் முதலில் இருளர் குடியிருப்புக்கும் குறவர் குடியிருப்புக்கும் ஜீப் போகிற பழக்கம் வட மாவட்டங்களில் எளிதில் போகவில்லை. காவல்துறையின் வரலாற்றில் இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. ஆளைப் பிறப்பால் அடையாளம் காண்கிற காவலுக்கு உண்மையான திருடன் தப்பிவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

1989 செப்டம்பர் 30-ல் வடஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஊருக்கென்று ஒரு எஸ்.பி., ஆயுதப்படை, மாவட்டக் குற்றப்பிரிவு எல்லாம் வந்தன. நேரமும் சரியாக அமைந்தது. மாவட்டம் பிறந்த அந்தப் பத்தாண்டில்தான் பௌர்ணமி கிரிவலம் உள்ளூர் வழக்கம் என்ற நிலையிலிருந்து தமிழ்நாடு முழுவதும் பஸ் ஏறி வருகிற பழக்கமாக வளர்ந்தது. முன்பு ஆண்டுக்கு ஒரு தீபத் திருவிழாதான் பெரிய பந்தோபஸ்து. இப்போது மாதம் தவறாமல் ஒன்று.

2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 1,45,278. பௌர்ணமி இரவில் இதைவிடப் பல மடங்கு பேர் 14 கிலோமீட்டர் பாதையில் நடக்கிறார்கள். தீபத்தன்று முப்பது, நாற்பது லட்சம் பேர் வருவார்கள் என்று அரசே எதிர்பார்த்து ஏற்பாடு செய்கிறது. ஒரு காவல் நிலையத்துக்கு எத்தனை பேர் என்பது பெரும்பாலும் குடியிருப்போர் கணக்கையும் வழக்குகளின் கணக்கையும் பார்த்து முடிவாகிற விஷயம். இந்த ஊரில் பறிகொடுப்பவரும் பறிப்பவரும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் இல்லாதவர்கள்.

தீபப் பந்தோபஸ்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்க் காவல்துறை சொந்தமாகக் கற்ற வித்தை அது. 2022-ல் சுமார் 12,000 போலீசார், அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 14,000-ஐ ஒட்டி. மாநிலம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் படுக்கை. மாட வீதியில் நிற்கிற பெண் காவலருக்கு அம்மணியம்மன் கோபுரம் எந்தத் திசை என்றே தெரிந்திருக்காது. பக்தர் வழி கேட்டால் பக்கத்துக் கடைக்காரரைத்தான் காட்டுவார். அதனால்தான் உள்ளூர் ஏட்டையாக்களை ஒவ்வொரு பகுதியிலும் கலந்து போடுகிறார்கள். ஊர் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் வெளியூர் போலீசும் இன்னொரு யாத்திரிகர்தான்.

வேலூர், செங்கம், அவலூர்ப்பேட்டை, வேட்டவலம், மணலூர்ப்பேட்டை என ஒவ்வொரு சாலையிலும் நகருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்களும் கார் நிறுத்தங்களும் போடுகிறார்கள். போக்குவரத்து ஏற்பாடு என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் குற்றத் தடுப்பும் அங்கிருந்தே தொடங்குகிறது. பிக்பாக்கெட்டுக்கும் சங்கிலி பறிப்புக்கும் வேண்டியது நெரிசல். கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால் கை நீட்ட இடம் கிடைக்காது. முட்டிக்கொண்டு நின்றால்தான் கிடைக்கும். ராஜகோபுர வாசல், ஈசானிய லிங்கத்துக்குத் திரும்பும் முனை, பஸ் ஏறும் இடம் ஆகிய நெரிசல் முனைகளைத் தளர்த்துவதுதான் திருட்டைக் குறைக்க முதல் வேலை. தடுப்புக் கட்டைகளை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று தெரிந்த ஓர் இன்ஸ்பெக்டர், பத்துப் பேரைக் கைது செய்கிறவரைவிட அதிகக் களவைத் தடுத்திருப்பார். அதற்குப் பதக்கம் கிடையாது. நடக்காத திருட்டுக்கு யார் குற்ற எண் போடுவது?

இரண்டாவது வேலை முகம் பார்ப்பது. மற்ற மாவட்டங்களின் குற்றப்பிரிவுக் காவலர்களை மஃப்டியில் கூட்டத்துக்குள் விடுகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பழைய கைகாரனை மதுரைக்காரருக்குத்தான் தெரியும். கேமராவும் முகமறியும் மென்பொருளும் சமீப ஆண்டுகளில் வந்து சேர்ந்திருக்கின்றன. அவை உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் முகத்தை மட்டும் வைத்துப் பிடிப்பதில் ஆபத்து உண்டு. முன்பு ஒரு தப்புச் செய்து இன்று உண்மையாகவே சாமி கும்பிட வந்தவனும் அந்தப் பட்டியலில் இருப்பான். கூட்டத்தில் அவன் கை என்ன செய்கிறது என்று பார்க்கிற அனுபவசாலியின் கண்ணுக்கு இன்னும் மாற்று வரவில்லை.

மூன்றாவது, ஒலிபெருக்கி. கழுத்துச் சங்கிலியைச் சேலையால் மூடுங்கள், ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள் என்று விடிய விடிய ஒரே பாட்டு. காது புளித்துப்போகும். இருந்தாலும் வேலை செய்கிறது. குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டை கட்டுகிற ஏற்பாடு எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. காணாமற்போன பிள்ளை அரை மணி நேரத்தில் தாயிடம் சேர்ந்தால், ஆள் கடத்தல் என்ற பேச்சே எழாது, வதந்திக்கும் இடமில்லை.

வதந்தி எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இந்த மாவட்டம் அறிந்துகொண்ட விதம் கொடுமையானது. 2018 மே 9-ல் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைக் கண்டு, பிள்ளை பிடிப்பவர்கள் என்று கருதி ஊரே சேர்ந்து அடித்தது. மூதாட்டி ஒருவர் இறந்தார். காரணம் வாட்ஸ்அப்பில் சில வாரமாகச் சுற்றிய பொய். ஏராளமானோர் கைதானார்கள். அதன் பிறகு கிராமம் கிராமமாக மைக் கட்டிய வண்டியில் போலீசார் எச்சரித்துப் போனார்கள். அந்த எச்சரிக்கை நடந்த பிறகு வந்தது என்பதுதான் வருத்தம். யாத்திரையையே நம்பிப் பிழைக்கும் மாவட்டத்தில் வெளியூர் முகத்தைக் கண்டு பயப்படுகிற ஊர்களும் இருந்தன. அதைக் காவல் நிலையங்கள் முன்கூட்டி மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.

திருவிழா நாட்களைவிடச் சாதாரண நாட்கள்தான் கடினம். 2023-ல் தைப்பூசப் பௌர்ணமி பிப்ரவரி 5. கூட்டம் கலைந்து, வந்த போலீசார் திரும்பிப்போய், ஊர் அசந்து தூங்கிய அடுத்த ஞாயிறு, 12-ஆம் தேதி விடியற்காலையில் நான்கு ஏ.டி.எம்.கள் உடைக்கப்பட்டன. நகரில் இரண்டு, போளூரில் ஒன்று, கலசப்பாக்கத்தில் ஒன்று. கேஸ் வெல்டிங்கால் இயந்திரத்தை அறுத்து, சுமார் 73 லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு, கேமராவும் கைரேகையும் மிஞ்சாதபடி தீ வைத்துவிட்டுப் போனார்கள். நான்கும் ஒரே இரவில்.

துப்புத் துலக்கியது திறமையான வேலைதான். தனிப்படைகள் கர்நாடகம், குஜராத், அரியானா என்று பிரிந்து போயின. கோலார் தங்கவயலில் அவர்கள் தங்கிய விடுதி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் முக்கியக் குற்றவாளிகள் என்று சொல்லப்பட்டவர்கள் அரியானாவில் பிடிபட்டார்கள். வடக்கே இத்தனை தூரம் போய் இத்தனை வேகத்தில் ஆளைப் பிடித்ததைப் பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டட்டும். ஆனால் முதலில் பிடிபட்டவர்களிடம் மீட்கப்பட்டது சில லட்சங்கள்தான். நான்கு இடத்தில் அறுக்கும் நேரம் முழுவதும் ஒரு ரோந்து வண்டியும் குறுக்கே வரவில்லை என்பதும் அதே வழக்கின் பாடம். காவலாளி இல்லாத ஏ.டி.எம்.களைச் சாலையோரம் வைத்துவிட்டுப் போன வங்கிகளுக்கும் அதில் பங்குண்டு.

ரோந்து என்பது வண்டி ஓடுவதா? அமெரிக்காவில் கேன்சஸ் நகரத்தில் 1972-73-ல் ஒரு சோதனை செய்தார்கள். சில பகுதிகளில் ரோந்துக் காரை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், சிலவற்றில் நிறுத்தியே விட்டார்கள். ஓராண்டு முடிவில் குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இலக்கில்லாமல் சுற்றுகிற வண்டி எதையும் தடுப்பதில்லை என்று அன்று தெரிந்தது. குற்றம் திரும்பத் திரும்ப நடக்கிற முனைகளில் போய் நின்றால் பயன் உண்டு என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

நம் ஊர்ப் பட்டா புத்தகத்தின் தத்துவமும் அதுதான். பூட்டிக் கிடக்கும் வீடு, நகைக்கடை, வங்கி, இருட்டான சந்து என்று இடம் குறித்து அங்கே ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, இரவு ரோந்துக் காவலர் வந்து நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். இரண்டு மணிக்கு ஒருவர், நான்கு மணிக்கு ஒருவர். ஊருக்குப் போகிற குடும்பம் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் அந்த வீட்டு வாசலுக்கும் ஒரு கையெழுத்து. இப்போது பல இடங்களில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள். முறை எதுவானாலும், மொத்தக் கையெழுத்தையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டுப் போகிற சாமர்த்தியம் அன்றும் இருந்தது என்று ஓய்வு பெற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆள் உண்மையிலேயே வந்தாரா என்பதைக் குறியீடு கண்டுபிடிக்கும். வந்தவர் சுற்றிலும் பார்த்தாரா என்பதை எது கண்டுபிடிக்கும்?

பணக்காரக் குற்றமும் இங்கே உண்டு. ஆன்மிகச் சந்தை வளர வளர மலையைச் சுற்றிய நிலத்தின் விலை ஏறியது. போலி ஆவணம், ஆக்கிரமிப்பு, மிரட்டல் எல்லாம் கூடவே வந்தன. 2012 ஜூலையில் தகவல் அறியும் உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவரும், 2017 பிப்ரவரியில் உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவரும் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பந்தோபஸ்தில் கைதேர்ந்த காவல்துறைக்கு இந்த வகைக் குற்றம் வேறு பாடம். தடுப்புக் கட்டை போட்டு இதை நிறுத்த முடியாது. பத்திரப் பதிவு அலுவலகம், வருவாய்த்துறை, கூலிப்படையின் நடமாட்டம் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். முதல் மிரட்டல் புகார் வரும்போதே, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல் வழக்காக எடுத்துக்கொள்கிற மனம் வேண்டும்.

கிரிவலப் பாதைச் சாதுக்கள் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கலந்தது. காவியைப் போர்த்திக்கொண்டு தலைமறைவாய் இருப்பவரும் கஞ்சா விற்பவரும் அவர்களுக்குள் உண்டு. அவ்வப்போது போலீசார் விவரம் சேகரிப்பதும் கைரேகை எடுப்பதும் அதனால்தான். ஆனால் பாதையில் என்ன நடக்கிறது என்று இரவு பகல் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அவர்களேதான். வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில் ஒரு புது ஆள் நாலு நாளாய்ச் சுற்றினால் முதலில் தெரிவது அவர்களுக்கு. கைரேகை எடுத்த அதே கையால் ஒரு போன் எண்ணையும் கொடுத்துவிட்டு வருகிற காவலருக்கு எந்தக் கேமராவும் தராத செய்தி கிடைக்கும். பூக்காரர், தேங்காய்க் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், லாட்ஜ் மேலாளர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

குற்றம் குறைந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவேட்டைப் பார்த்து இந்த ஊரில் அதைச் சொல்ல முடியாது. குபேர லிங்கத்தருகே இரவு இரண்டு மணிக்குப் போனைப் பறிகொடுத்த சித்தூர்க்காரர் விடியற்காலைப் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். வரிசையில் நின்று, தெரியாத மொழியில் புகார் எழுதிக் கொடுத்து, பிறகு விசாரணைக்கும் வந்துபோக யாருக்கு முடியும்? பதிவாகாத திருட்டு, நடக்காத திருட்டாகவே கணக்கில் நிற்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்த ஊர் ஸ்டேஷனிலும், மின்னணு வழியிலும் புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. இது மற்ற ஊர்களுக்கு வசதி, திருவண்ணாமலைக்கு அவசியம். புகார் கூடினால் குற்றம் கூடியதாகத் தலைப்புச் செய்தி வரும். அதைத் தாங்கிக்கொள்ளும் தைரியம் மேலதிகாரிகளுக்கு வேண்டும்.

2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. பன்னிரண்டு நாளில் தீபம். முந்தைய ஆண்டுகளில் அனுமதிச் சீட்டோடு 2,500 பேரை மலையேற விட்ட வழக்கத்தை அந்த ஆண்டு நிறுத்தினார்கள். பல வழிகள் உள்ள மலையில் ஏறாதே என்று லட்சக்கணக்கானவர்களிடம் சொல்லி நிற்கவைத்ததும் காவல்தான். அங்கே லத்தியைவிட விளக்கிச் சொன்னதுதான் அதிகம் உதவியிருக்கும்.

இனி சொல்வதை மலரில் போட வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 2025 செப்டம்பர் இறுதியில், ஆந்திராவிலிருந்து இரவில் சரக்கு வண்டியில் வந்த குடும்பத்தை நகரின் புறவழிச்சாலையில் சோதனை என்று நிறுத்தி, இளம்பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக, ரோந்துப் பணியில் இருந்த இரண்டு காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள். பணியிலிருந்தும் உடனே நீக்கப்பட்டார்கள். பல ஆண்டுப் பந்தோபஸ்து சம்பாதித்த நம்பிக்கையை ஓர் இரவு கரைத்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. நடவடிக்கை வேகமாக வந்தது, உண்மை. ஆனால் இருட்டில் கை காட்டி நிறுத்துகிற சீருடையைக் கண்டு ஒரு வெளியூர்ப் பெண் நிம்மதி அடைவாளா, நடுங்குவாளா என்பதுதான் இந்த ஊரில் காவலுக்கு அளவுகோல்.

அதற்குச் செய்யக்கூடியவை பெரிய திட்டங்கள் இல்லை. இரவு வாகனச் சோதனையில் பெண் காவலர் ஒருவராவது இருப்பது. சோதனை நடக்கும் இடமும் நேரமும் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்திருப்பது. காவலர் உடலில் கேமரா ஓடிக்கொண்டிருப்பது. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிறவர்கள் சில ஆண்டுகளாக மிகுந்துவிட்டார்கள். கோயிலைச் சுற்றிய கடைகளின் பெயர்ப்பலகையே தெலுங்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது. நகர நிலையங்களில் தெலுங்கு பேசத் தெரிந்த ஆள் ஒவ்வொரு பணிமுறையிலும் இருக்க வேண்டும். ஆரணி, செய்யாறு பக்கத்திலிருந்து பணிக்கு வந்த காவலர்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களே கிடைப்பார்கள்.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆயிற்று. சென்னை, மதுரை, கோவைபோலக் காவல் ஆணையர் அலுவலகம் வேண்டும் என்ற பேச்சும் இனி எழும். பலகை மாறுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. டவுன், கிழக்கு, தாலுகா நிலையங்களின் ஆள்பலத்தை நிர்ணயிக்கும்போது குடியிருப்போர் கணக்கோடு பௌர்ணமிக் கணக்கையும் சேர்த்துக்கொண்டால், பௌர்ணமி முடிந்த மறுவாரம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட ஆள் மிஞ்சும்.